சிலேட்டு ஷோவும் சந்தனம் பூசிய தலையும்

1. முடி எங்கம்மா?

அன்று காலை மேக்கப் ரூம் வாசலில் வந்து நின்ற பெண்ணை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எங்கள் டி.வி. ஷோவின் போட்டியாளர் முனிலட்சுமிக்கு முழங்கால் வரைக்கும் பின்னல். அந்தப் பின்னலைக் கேமரா மேலேயிருந்து கீழே தடவிக்கொண்டே இறங்குகிற ஷாட்டைத்தான் ஒரு வாரமாக ப்ரோமோவில் ஓட்டிக்கொண்டிருந்தோம். வாசலில் நின்றதோ ஒரு மொட்டைத் தலை. சந்தனம் காய்ந்து, ஏரிக்கரை மண் மாதிரி வெடித்து, காதோரம் உதிர்ந்துகொண்டிருந்தது. கையில் பிரசாதப் பை.

"இன்னா மேடம் அப்பிடிப் பாக்கறீங்க? நான்தான். நேத்து மலைக்குப் போய்ட்டு வந்தேன்."

ஃப்ளோர் மேனேஜர் பாபு ஓடி வந்தான். "முடி எங்கம்மா?"

"சாமிகிட்ட கீது. வேணும்னா போயி கேட்டுக்கோ."

பாபு தலையில் கை வைத்தான். ப்ரோமோவுக்கும் எபிசோடுக்கும் நடுவில் ஒருத்தியின் முடி காணாமல் போனால் கன்டினியூட்டி என்ன ஆவது? எனக்கோ அந்த நேரத்தில் மனசுக்குள் ஒரு சின்ன மத்தாப்பு எரிந்தது. போட்டியாளர்கள் விஷயம் என் பொறுப்பு இல்லை, ஷோவின் இன்னொரு ரைட்டர் வசந்தாவின் பொறுப்பு.

2. காதில் வருகிற வியாதி

ஷோவின் நிஜப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. திருப்பதி ஆபீஸில் நாங்கள் அதைச் சிலேட்டு ஷோ என்றுதான் சொல்வோம். ஆறு பேர் உட்காருவார்கள். ஒரு ரவுண்டு கேள்வி. பிறகு ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிலேட்டு, ஒரு சாக்பீஸ். யார் வெளியே போக வேண்டுமோ அந்தப் பெயரை எழுதித் திருப்பிக் காட்ட வேண்டும். காட்டிவிட்டு அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக் காரணமும் சொல்ல வேண்டும். கடைசியில் மிஞ்சுகிற இருவர் கேள்வியால் மோதுவார்கள். எல்லாம் தெலுங்கில். போட்டியாளர்களில் பாதிப் பேர் எங்கள் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ் ஆட்கள் என்பதால், கேமரா ஓடாதபோது செட் முழுக்கத் தமிழாகிவிடும்.

கேள்வி எழுதுவது நான். காரணம் எழுதுவது வசந்தா.

எழுதுவது என்றால் எழுதிக் கொடுப்பது இல்லை. பிரேக்கில் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்காருவாள். வறுத்த வேர்க்கடலையை நீட்டுவாள். "உன்ன விட அந்தாளுக்கு இன்னா ஜாஸ்தி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அவ்வளவுதான். அடுத்த பத்து நிமிஷத்தில் அந்த மனுஷர் வாயிலிருந்து ஊரே ஒரு மாதம் பேசுகிற ஒரு வாக்கியம் விழும். ஒரு அம்மா ஒரு பேங்க் கிளார்க்கைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க பதில் சொன்னா எங்க வீட்டுக்காரரு பேசற மாதிரியே கீது. அத நான் வீட்லயே கேட்டுக்கறேன்." அந்த க்ளிப் ரேணிகுண்டா ஸ்டேஷனில் டீ விற்கிறவர் போனில்கூட இருந்தது.

என் கேள்விகளைப் பற்றியும் சொல்கிறேன், வேறு யாரும் சொல்லப் போவதில்லை. மழைக்கு முன்னால் வீடு மாற்றுகிற எறும்பு தன் முட்டையை எதனால் பிடித்துத் தூக்கிப் போகும் என்று ஒரு கேள்வி எழுதினேன். ஒரு வாரம் என் வாசல்படி ஓரத்தில் குனிந்து பார்த்து எழுதியது. போட்டியாளர் "பாஸ்" என்றார். அந்த 'பாஸை'யும் எடிட்டில் வெட்டி, அந்த இடத்தில் வளையல் கடை விளம்பரத்தை வைத்தார்கள்.

சிலருக்குப் பொறாமை வயிற்றில் எரியும் என்பார்கள். எனக்குக் காதில் வரும். பி.சி.ஆர். என்கிற கன்ட்ரோல் ரூமில் நான் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேள்வி ரவுண்டில் அந்த ஹெட்செட்டில் லைட்மேன் கொட்டாவி விடுகிற சத்தம் கேட்கும். சிலேட்டு ரவுண்டு வந்ததும் கைதட்டல், சிரிப்பு, அதற்கு மேல் ப்ரொட்யூசர் சுதாகர் சாரின் குரல்: "வசந்தா, சூப்பர் அம்மா!" ஹெட்செட்டைக் கழற்றினால் காது சிவந்திருக்கும். நுரைப் பஞ்சு உரசியதால் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போனாலும் விடுதலை இல்லை. எங்கள் நைனாவுக்குச் சிலேட்டு ஷோ உயிர். "இன்னிக்கி அந்த ஆளு சொன்னது யாரு எழுதனது? அந்தச் சித்தூர்ப் பொண்ணா? நல்லா எழுதறாம்மா." பெற்ற மகள் எதிரே உட்கார்ந்து அவருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

இப்படி இருக்கையில்தான் சுதாகர் சார் ஒரு நாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இந்த ஷெட்யூலோடு திருப்பதியில் முடிகிறது, அடுத்த சீசன் ஹைதராபாத்தில், பெரிய ஃப்ளோரில். ரைட்டர்களில் ஒருவரைத்தான் கூட்டிப் போவேன். யார் என்று இந்த ஷெட்யூல் சொல்லட்டும். (சாரும், கேமரா ஓடும்போது போட்டியாளர்களும் தெலுங்கில்தான் பேசுவார்கள். நான் தமிழில் எழுதுகிறேன்.)

எனக்கு அந்த இடம் வேண்டும். வேண்டும் என்று எழுதும்போது இந்தச் சொல் எவ்வளவு சின்னதாக இருக்கிறது. தமிழில் நான் எழுதுகிற வசன கவிதைகளைப் படிப்பவர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம், டிரைவர் பக்கத்தில் இடமும் மிஞ்சும். பாகாலா ஊர் மரத்தடி, பஸ் ஸ்டாண்ட் வெயில் என்று அதில் எழுதுவேன்; பகலெல்லாம் பிறருக்கான வாக்கியம். எங்கேயாவது என் பெயர் திரையில் ஒரு மூச்சு நேரம் அசையாமல் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். திருப்பதியில் டைட்டில் கார்டு எக்ஸ்பிரஸ் மாதிரி ஓடும். ஹைதராபாத்தில் ரைட்டருக்குத் தனிக் கார்டாம்.

3. லட்டு

வசந்தாவுக்கு ஒரு சட்டம் உண்டு. ஷூட்டிங்குக்கு முன்னால் போட்டியாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. டிபன் பாக்கெட் தனித்தனி ரூமுக்குப் போகும். "கலாக்கா, நம்ம ஆளுங்க ஒண்ணா துன்னுட்டா முடிஞ்சிச்சு. அப்புறம் எந்த ஊரு, யாரு பொண்ணுன்னு ஆரம்பிச்சி, கடைசில மாமன் மச்சான்னு ஆயிடுவாங்க. சிலேட்டுல எவன் எழுதுவான்?" என்று என்னிடம் சொல்வாள். அந்தச் சட்டத்தைக் காப்பாற்ற நிழல் மாதிரி சுற்றிக்கொண்டிருப்பாள்.

அன்று பார்த்து அவள் எடிட் சூட்டில் மாட்டிக்கொண்டாள். முனிலட்சுமி ரூம் ரூமாகப் போய்விட்டாள். மலை லட்டை உதிர்த்து ஒவ்வொரு கையிலும் வைத்தாள். திருப்பதியில் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? போட்டியாளர்கள் ஐந்து பேரும் கண்ணில் ஒற்றித் தின்றார்கள். ஆங்கர் ஹரிணி லிப்ஸ்டிக் கலையாமல் தின்றாள். பாபு இரண்டு தடவை வாங்கினான். நானும் தின்றேன், நெய் வாசனை சாயங்காலம் வரைக்கும் விரலில் இருந்தது.

வசந்தா மூச்சிரைக்க வந்தாள். "யாரு யாரு பிரசாதம் வாங்கனீங்க?"

எல்லோரும் விரலை நக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் எடுத்துக்கோ மேடம்" என்று முனிலட்சுமி அவளிடமும் நீட்டினாள். வசந்தா வாங்கினாள், கண்ணில் ஒற்றினாள், வாயில் போட்டாள். மென்றுகொண்டே என்னைப் பார்த்து, "போச்சு" என்றாள்.

போயே போயிற்று. கேள்வி ரவுண்டில் முனிலட்சுமி ஒரு பதில்கூடச் சரியாகச் சொல்லவில்லை. சித்தூர்ப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை பார்க்கிறவள். ஆடிஷன் நாளில் நன்றாகத்தான் சொன்னாள், அன்றோ, முந்தின நாள் மலையேறி இறங்கிய அசதியோ என்னவோ, எல்லாவற்றுக்கும் பாஸ். நியாயப்படி அவள்தான் போக வேண்டும். சிலேட்டு கொடுத்தாயிற்று. ம்யூசிக் போட்டாயிற்று. ஐந்து சாக்பீஸும் அந்தரத்தில் நின்றன.

அவள் பெயரை எழுதினால் பாவம். வேறு பெயர் எழுதினால் அநியாயம்.

ஹரிணி கெஞ்சினாள். காலேஜ் லெக்சரர் பிரபாகர், அந்த ரவுண்டில் எல்லாப் பதிலும் சொன்னவர், சாக்பீஸைக் கீழே வைத்தார். "மலையெறங்கி வந்தவங்கள வாசல்லேர்ந்து போன்னு எழுத எனக்குக் கை வரல மேடம்." பக்கத்தில் இருந்த தையல்காரர், "லட்டு இன்னும் நாக்குல கீது மேடம், அதுக்குள்ள எப்பிடி?" என்றார். ஐந்து சிலேட்டும் கறுப்பாக, துடைத்த வானம் மாதிரி இருந்தன.

"கட்!"

4. பி.சி.ஆரில் பஞ்சாயத்து

சுதாகர் சார் கோபத்தில் முதலில் விக் கேட்டார். பின்னல் வைத்த விக் மாட்டினால் ப்ரோமோவும் பொருந்தும், மொட்டையும் மறையும், எல்லோருக்கும் கை வரும். பாபு போய்க் கேட்டான். திரும்பி வந்தபோது அவன் முகம் சின்னதாகியிருந்தது. "சாமிக்குக் குடுத்துட்டு, வாடகைக்கு எடுத்து வெச்சிக்கினு வந்தா சாமி சிரிக்காதான்னு கேக்கறாங்க சார்."

சார் எங்கள் பக்கம் திரும்பினார். "ரைட்டர்ஸ், ஏதாவது சொல்லுங்க."

நான் முந்திக்கொண்டேன். இந்த ஷெட்யூல் என் வாழ்க்கை. "ரூல் புக்கில் ஒரு வரி சேர்க்கலாம் சார். ஷூட்டிங்குக்கு ஒரு மாசம் முன்னால் யாரும் மொட்டை போடக் கூடாது என்று."

பி.சி.ஆரில் ஸ்விட்சர் ஆபரேட்டர் தொடங்கி எல்லோரும் சிரித்தார்கள்.

"கலாவதி காரு," என்றார் சார், "திருப்பதில உக்காந்துக்கிட்டு மொட்டைக்குத் தடை போட்டா, சாயங்காலமே நம்ம கேட்டுல பூட்டுத் தொங்கும்."

வசந்தா சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃப்ளோரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த லட்டுத் துகளைத் தட்டிவிட்டாள். "சார், ஆர்டரை மாத்துங்க. முனிலட்சுமியம்மா மொதல்ல எழுதட்டும்."

"எழுதினா?"

"அவங்க யாரு பேர எழுதுவாங்களோ அவருக்கு ரோஷம் வரும். ரோஷம் வந்துட்டா லட்டு எறங்கிடும்."

அவ்வளவுதான். சார் மேஜையைத் தட்டினார். ஒரு வரி ரூல்கூட மாற்ற வேண்டாம், ஒரு விக்கும் வேண்டாம். வரிசையை மாற்றினால் போதும். அந்த யோசனை என் முன்னாலேயே இருந்தது, அதே கண்ணாடி வழியாக நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், என் கண்ணில் படவில்லை. நல்ல கவிதையை வேறொருவர் எழுதிவிட்டால், அந்தச் சொற்கள் எல்லாம் நமக்கு முன்பே தெரிந்தவைதானே என்று ஒரு கடுப்பு வருமே, அது.

5. அவள் முதலில் எழுதினாள்

முனிலட்சுமி யோசிக்கவே இல்லை. சாக்பீஸ் கீச்சிட எழுதி, திருப்பிக் காட்டினாள். பிரபாகர்.

லெக்சரரைப் பார்த்துக் கும்பிட்டாள். "ஏமனுகோவத்து சார், தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க எல்லாம் தெரிஞ்சவரு. வெளிய போனாலும் உங்களுக்குக் காலேஜுல நாற்காலி கீது. எனக்கு இந்த நாற்காலிதான் கீது."

லெக்சரரின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறுவதைக் கேமரா மூன்று அழகாகப் பிடித்தது. கீழே வைத்த சாக்பீஸை எடுத்தார். ஒரே இழுப்பில் எழுதினார். "நாற்காலி வேணும்னா பதில் சொல்லணும்மா" என்றார். அவர் எழுதியதும் மற்றவர்களுக்கும் கை வந்துவிட்டது. ஐந்து சிலேட்டிலும் ஒரே பெயர். தையல்காரர் மட்டும் காட்டிவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

முனிலட்சுமி எழுந்தாள். மைக்கைக் கழற்ற வந்த பாபுவைக் கையால் நிறுத்தினாள். ஐந்து சிலேட்டையும் வரிசையாகப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவால்ல, அழிச்சிடுங்க. முடி வளர்ற வரிக்கும் கண்ணாடி பாக்கறப்பல்லாம் உங்க அஞ்சு பேரையும் நெனச்சிக்கறேன். லட்ட மட்டும் திருப்பிக் கேக்க மாட்டேன்."

ஃப்ளோர் முழுக்கக் கைதட்டல் வந்தது. ஹெட்செட்டில் அது மழை தகரத்தில் விழுகிற மாதிரி கேட்டது.

சுதாகர் சார் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு கத்தினார். "வசந்தா! அந்தக் கடைசி வரி உன்னுதுதானே?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் ஆமாம் என்று சொல்லட்டும், சொல்லட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லியிருந்தால் அவள் மேல் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

"இல்ல சார். அந்தம்மாவே சொன்னது. நான் பக்கத்துலகூடப் போகல."

சார் அசந்து போனார். "பாரு, இந்த நேர்மைதான் வேணும்" என்று பி.சி.ஆரில் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். அதற்கும் கைதட்டல்! எழுதினால் ஒரு தட்டல், எழுதவில்லை என்றாலும் ஒரு தட்டல். என்னைக் கேட்டிருந்தால் நானும் என்னுது இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

ஷெட்யூல் முடிந்தது. வசந்தா ஹைதராபாத் போனாள். ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பினேன். "கலாக்கா, ஒடம்ப பாத்துக்கோ, காது ஏன் எப்பவும் இப்படிச் செவந்தே கீது, ஒரு டாக்டர்கிட்ட காட்டு" என்றாள்.

6. நாக்கு ஒடிந்தால்

ஷோ போனாலும் செட் இருந்தது. ஆறு நாற்காலி, ஆறு சிலேட்டு. சானல் ஓனர் சும்மா கிடக்கிறதே என்று, எல்லைப் பக்கத்து ஆட்களுக்காகத் தமிழும் தெலுங்கும் கலந்து ஒரு சின்ன ஷோ போடச் சொன்னார். கேள்வியும் நான், காரணமும் நான். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட சிலேட்டு ரவுண்டு, ஆளில்லாத வீடு மாதிரி என் கைக்கு வந்தது.

முதல் எபிசோடுக்குக் காரணங்களை இரவு பகலாகச் செதுக்கினேன். தடாவில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிற ஒருவருக்கு எழுதிக் கொடுத்தது: "உங்கள் பதில்களை விட உங்கள் மௌனம் உரக்கப் பேசுகிறது, அந்த உரப்பில் என் சொல் வழி தவறுகிறது."

அவர் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். மறுபடி சொல்லிப் பார்த்தார். "மேடம், ரொம்ப நல்லா கீது. ஆனா இத சொல்லப்போயி நாக்கு ஒடிஞ்சிச்சின்னா என்னை யாரு புத்தூருக்கு இட்டுக்கினு போயி கட்டு போடறது?"

செட்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வசந்தா மாதிரி கடலை வாங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்தேன். கடலைதான் தீர்ந்தது. "உங்களை விட அவருக்கு என்ன ஜாஸ்தி?" என்று நான் கேட்டால், "சுகர் மேடம்" என்று பதில் வந்தது.

மூன்று எபிசோட் தோற்ற பிறகு ஒரு மத்தியானம் எடிட்டுக்கு முந்தைய பழைய ரஷ் எல்லாம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முனிலட்சுமி எபிசோட். ஒளிபரப்பில் வெட்டிப் போட்ட பகுதி ஓடியது. ஐந்து கறுப்புச் சிலேட்டு, அந்தரத்தில் ஐந்து கை. லெக்சரரின் கட்டைவிரல் சாக்பீஸைத் தேய்த்துத் தேய்த்துப் பொடி உதிர்கிறது. தையல்காரர் எழுதப் போகிறார், முனிலட்சுமியின் தலையைப் பார்க்கிறார், கை திரும்புகிறது. அன்று அது எங்களுக்கு விபத்து. வசந்தா அதைச் சரி செய்தாள், நான் அவளைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன், சார் வெட்டச் சொன்னார். அங்கே யாரும் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. எழுதிய பெயரை விட, எழுத முடியாத அந்த நேரம்தான் பார்க்கப் பார்க்கத் தீரவில்லை.

அதற்குப் பிறகு நான் காரணம் எழுதுவதை நிறுத்தினேன். கேமராமேனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: முகம் வேண்டாம், கையைப் பிடி, நான் கட் சொல்லும் வரை விடாதே. ம்யூசிக் வேண்டாம். ஒன்றாகச் சாப்பிடட்டும், ஊர் கேட்கட்டும், உறவு கண்டுபிடிக்கட்டும்.

அந்த வாரம் நாராயணவனத்திலிருந்து வந்த பூக்காரி செல்வியும், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த சத்துணவு ஆயம்மா ரமணியும் டிபன் வேளையில் அக்கா தங்கையாகிவிட்டார்கள். கடைசி மூவரில் அவர்கள் இருவர். மூன்றாமவர் ரமணி பெயரையும், ரமணி மூன்றாமவர் பெயரையும் காட்டியாயிற்று; செல்வியின் சிலேட்டுதான் முடிவு. செல்வி எழுதினாள். எழுதி, சிலேட்டை மார்போடு கட்டிக்கொண்டாள். திருப்பவே இல்லை.

ஆங்கர், "காட்டுங்கம்மா" என்றாள்.

"காட்ட மாட்டேன்."

ரமணி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "காட்டு செல்வி. எம்பேருதான்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிச்சி இல்ல? அப்புறம் காட்டி இன்னா ஆவணும்?"

கேமரா கையிலேயே நின்றது. சிலேட்டின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்களில் பூ நார் கட்டிக் கட்டி விழுந்த தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நான் கட் சொல்லவில்லை. பாபு என்னைப் பார்த்தான். நான் சொல்லவில்லை. ரமணி தன் மைக்கைத் தானே கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். போகும்போது செல்வியின் தலையில் கை வைத்து, "ஜெயிச்சிட்டு வா, வெளிய உக்காந்துக்கினு கீறேன்" என்றாள்.

அந்த க்ளிப் எங்கெங்கோ போயிற்று. ஹைதராபாத்துக்கும் போயிற்று.

7. எத்தனை டேக்?

மத்தியானம் போன் வந்தது. வசந்தா.

"கலாக்கா, பாத்தேன்."

"ம்."

"அந்தப் பூக்கார அம்மாகிட்ட முன்னாடி இன்னா பேசன?"

"ஒண்ணும் பேசல. இட்லி துன்னுக்கினு இருந்தாங்க, அதான் பாத்தேன்."

"எத்தனை டேக்?"

"ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. லைன் கட்டாகவில்லை, அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. அந்த வார்த்தையை எப்படி விழுங்குவார்கள், விழுங்கினால் எங்கே குத்தும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவளுடைய எத்தனை வரிகளுக்கு நான் அப்படி ஹெட்செட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.

"சரிக்கா, ஷாட் ரெடின்னு கூப்பிடறாங்க" என்று வைத்துவிட்டாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கைதட்டல் யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும், லட்டு கொடுத்தாலே கிடைக்கும். உங்களை விட நன்றாக வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் கிடைத்தால் பொறாமைப்படுங்கள், வெட்கப்படாதீர்கள், ஆனால் அவர் செய்வதையே செய்யப் போகாதீர்கள். என்றைக்காவது ஒரு நாள் அவர் உங்களுக்குப் போன் செய்து, பாராட்ட முடியாமல் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அந்த அமைதியை அவசரப்பட்டுப் பேசிக் கெடுக்காமல், கடைசி வரைக்கும் கேளுங்கள்.

நான் கேட்டேன். இரண்டு காதாலும் கேட்டேன்.